சராசரி ஆளுக்குப் புரிந்த வில்லை

காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் கடிதம் வர ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆனது. அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “தங்கள் கண்டுபிடிப்பு தன் வேலையைச் செய்து முடித்தவுடன் செயலிழந்துவிடும் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். செயலிழக்கும் ஒரு பொருளை எவ்வாறு பயனுள்ள பொருளாகக் கருதுவது என்பதை முப்பது நாட்களுக்குள் விளக்கவும்.” கடிதத்தின் தேதிப்படி அந்த முப்பது நாட்களில் இருபத்தாறு நாட்கள் தபாலிலேயே கழிந்திருந்தன.

போர்டு அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, கழற்றிப் போட்டிருந்த வாஷிங் மெஷின் மூடியின் மேல் வைத்தாள்.

போர்டு அக்கா என்பது கடைத்தெரு வைத்த பெயர். வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்று எது பழுதானாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். இருபது வருடமாக அதே கடை, அதே மேசை, அதே பூதக்கண்ணாடி. மின்சாரம் திடீரென்று எகிறி அடித்ததில் கருகிப்போன போர்டுகளைப் பார்த்துப் பார்த்து, எந்தத் தெருவில் கம்பி சரியில்லை என்பதை மூக்காலேயே சொல்லிவிடும் அளவுக்கு வந்திருந்தாள்.

அப்படி எகிறி வரும் மின்சாரத்தைத் தாங்கத்தான் எக்ஸ்டென்ஷன் பெட்டிகளுக்குள் நீல நிறத்தில் ஒரு வில்லை வைக்கிறார்கள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். விழுகிற அடியையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு டிவியையும் ஃப்ரிட்ஜையும் காப்பாற்றும். ஆனால் அடி வாங்கி வாங்கி அதற்கும் வயசாகும். வயசான வில்லை வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் சூடேறி, ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். தங்கை வீட்டில் அப்படித்தான் ஒரு மத்தியானம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்த பெட்டி எரிந்தது. அணைக்கப் போன தங்கையின் வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோனது. அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்ததே அக்காதான். ஃப்ரிட்ஜுக்குப் பாதுகாப்பு என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது பிடித்த யோசனை, இரண்டு வருடத்தில் ஒரு உருவத்துக்கு வந்தது. வில்லையின் ஒரு காலைச் சீக்கிரம் இளகும் ஈயத்தால் ஒட்டி, அதை ஒரு குட்டி ஸ்பிரிங் இழுத்துக்கொண்டே இருக்கும்படி செய்தாள். இந்த மாதிரி வில்லைகள் ஏற்கெனவே சில கடைகளில் இருந்தன. ஆனால் அவற்றில் கால் பிரிகிற நேரத்தில் இடைவெளியில் பொறி பறந்து, அந்தப் பொறியிலேயே பெட்டி எரிந்தது. அக்கா அந்த இடைவெளியில் ஒரு சின்னப் பீங்கான் தகடு வந்து விழும்படி செய்தாள். தகடு விழுந்ததும் பொறி அடங்கும், வெளியே ஒரு சிவப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். என்னால் இனி முடியாது என்று சொல்லிவிட்டு வில்லை மரியாதையாக விலகிக்கொள்ளும். நூற்று நாற்பது வில்லைகளை வேண்டுமென்றே சூடாக்கிப் பார்த்தாள். ஒன்றுகூட எரியவில்லை.

காப்புரிமை இல்லாமல் அதை ஒரு பெரிய கம்பெனியிடம் காட்டினால், அடுத்த மாதமே அவர்கள் பெயரில் கடைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். அதனால்தான் விண்ணப்பம்.

முதல் கடிதத்துக்கு, தீக்குச்சியும் ஒருமுறைதான் எரிகிறது, அதனால் அதைப் பயனற்றது என்று யாரும் சொல்வதில்லை என்று பதில் எழுதினாள். தீக்குச்சியைக் குறிப்பிட்டிருப்பதால் விண்ணப்பம் தீப்பற்றும் பொருட்கள் பிரிவுக்கு மாற்றப்பட்டுவிட்டது என்று அடுத்த கடிதம் வந்தது. அங்கிருந்து அது திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

மூன்றாவது கடிதத்தில் இந்தக் கண்டுபிடிப்பு புதியதல்ல என்று ஆதாரத்தோடு நிரூபித்திருந்தார்கள். ஆதாரங்கள் மூன்று. ஒன்று, நூறு வருடத்துக்கு முந்தைய எலிப்பொறி. அதில் ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டு, மடக்குக் குடை. அது மேலிருந்து வருவதிலிருந்து காப்பாற்றுகிறது. மூன்று, பள்ளிக்கூட விலங்கியல் பாடப் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம்; பல்லி ஆபத்து வந்தால் தன் உடம்பின் ஒரு பாகத்தைத் தானே கழற்றிவிடுகிறது. இம்மூன்றையும் ஒன்று சேர்த்தால் தங்கள் கண்டுபிடிப்பு கிடைத்துவிடுகிறது என்று எழுதி, கீழே முத்திரை குத்தியிருந்தார்கள்.

அக்காவின் கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். டீயைக் கையில் வைத்துக்கொண்டு கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். “மூணையும் ஒரு பையில போட்டுக் குலுக்கிப் பாத்துடுவோம். வில்லை விழுந்துச்சுன்னா அவங்களே வச்சுக்கட்டும்” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பல்லிக்கு வால் மறுபடி முளைக்கும், தன் வில்லைக்கு முளைக்காது என்பது உட்பட பதினோரு பக்கத்துக்குப் பதில் எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான், தான் இரண்டு வாரமாக ஒரு பல்லியோடு வாதாடிக்கொண்டிருப்பது உறைத்தது. அப்படியே நெற்றியை மேசையில் வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள்.

நான்காவது கடிதம் நேரில் வரச் சொன்னது.

அலுவலகம் ஆறு மாடிக் கட்டடம். உலகத்தின் புதுமைகளையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும் அந்த இடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்தாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப் போன அக்காவின் கண் முதலில் தரைக்குத்தான் போனது. சுவர்ப் பிளக்கிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று மேசைக்கு மேசை சங்கிலி போட்டுப் போயிருந்தது. அவள் விண்ணப்பத்தைப் பார்க்கும் ஆய்வாளரின் காலடியில் இருந்த பெட்டி பழுப்பேறி, வயிறு உப்பி இருந்தது. குனிந்து தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது.

அதை மாற்றச் சொன்னாள். அது பராமரிப்புப் பிரிவின் வேலை என்றும், தான் கண்டுபிடிப்புகளை மட்டுமே பார்ப்பதாகவும் ஆய்வாளர் சொன்னார்.

ஆய்வாளர் தங்கமான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அக்காவின் படங்களை மேசையில் பரப்பி, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்.

“மூணாவது படத்துல ஸ்பிரிங்குக்கு ஏழு சுத்து இருக்கு. அஞ்சாவது படத்துல ஆறரை. இதுல எதும்மா உங்க கண்டுபிடிப்பு?”

ஐந்தாவது படத்தில் கடைசி அரைச் சுற்றைத் தகடு மறைக்கிறது என்று அக்கா விளக்கினாள். அவர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். படத்தைத் திருத்தலாம், தடையில்லை; ஆனால் திருத்திய படம் புதுப் படம் ஆகிவிடுவதால், விண்ணப்பத்தின் தேதியும் திருத்தம் ஏற்கப்படுகிற நாளுக்கு மாறிவிடும் என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் கொடுத்த காகிதத்துக்கு இனிமேல் வரப்போகிற தேதியா என்று அவள் கேட்டாள்.

“நல்ல விதமா எடுத்துக்குங்கம்மா. அந்தக் கணக்குல பாத்தா உங்க விண்ணப்பம் இன்னும் பொறக்கவே இல்ல. அதுக்குள்ள எவ்வளவு வேலை முடிஞ்சிருக்கு பாருங்க” என்றார் அவர்.

பிறகு அவளைப் பதினான்காம் அறைக்கு அனுப்பினார்.

காப்புரிமைச் சட்டத்தில் ஒரு சராசரி ஆள் வருவார். அந்தத் துறையில் ஓரளவு தெரிந்த, ஆனால் பெரிய மூளையில்லாத ஒருவர். ஒரு கண்டுபிடிப்பு அந்த ஆளுக்குத் தானாகவே தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. அதே சமயம் எழுதியதைப் படித்தால் அவருக்குப் புரியவும் வேண்டும். மற்ற இடங்களில் அந்த ஆளை மனதுக்குள் நினைத்துக்கொள்கிறார்களாம். இந்த அலுவலகம் கற்பனைக்கு இடம் கொடுப்பதில்லை. சம்பளம் கொடுத்து ஒருவரை வைத்திருந்தது.

ஐம்பது வயது இருக்கும். நரைத்த மீசை, சலவைச் சட்டை. அறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு படிவக் கட்டு. புத்தகம் என்று எதுவும் இல்லை. படித்தால் சராசரி கெட்டுவிடும் என்பதால் அலமாரியை எடுத்துவிட்டார்கள் என்று அவரே சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலிதான்.

அக்கா அரை மணி நேரம் விளக்கினாள். அவர் உண்மையாகவே கவனித்தார். கடைசியில், கால்தான் பிரிந்துவிட்டதே, பிறகு தகடு எதற்கு, இணைப்பு போனால் கரண்ட் நின்றுவிடாதா என்று கேட்டார். நிற்காது, காற்றிலேயே தாண்டும் என்றாள். எப்படித் தாண்டும் என்றார். அவள் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அவர் முகம் வாடிவிட்டது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. எனக்கு நெஜமாவே புரியல” என்று படிவத்தை எடுத்தார். அதில் இரண்டே கட்டங்கள்: புரிந்தது, புரியவில்லை.

புரியவில்லை என்று போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். விளக்கம் போதாது என்று தள்ளிவிடுவார்களாம். புரிந்தது என்று போட்டால்? சராசரி ஆளுக்கே புரிவதில் புதுமை என்ன இருக்கிறது என்று தள்ளிவிடுவார்களாம்.

“அப்ப இங்க யாருக்குத்தாங்க காப்புரிமை கெடைச்சிருக்கு?”

அவர் யோசித்துப் பார்த்தார். “நான் டைபாய்டுல படுத்திருந்தப்போ ரெண்டு பேருக்குக் கெடைச்சுது” என்றார்.

புரியவில்லை என்றால் செய்து காட்ட ஒரு வாய்ப்பாவது கேட்கலாம் என்று அவரே வழி சொல்லி, அந்தக் கட்டத்தில் டிக் போட்டார். அக்கா படியிறங்கும்போது மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரையாவது பிடித்துத் திட்டினால் தேவலை போலிருந்தது. ஆனால் திட்டுவதற்குத் தோதாக ஒருவர்கூட அவளிடம் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. தங்கை போனில் அழைத்து, குடுத்துட்டாங்களா என்று கேட்டாள். ஸ்பிரிங்கை எண்ணிக்கிட்டிருக்காங்க என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

செய்து காட்டும் நாள் ஐந்து மாதம் கழித்து வந்தது. திருத்திய படங்கள் அதற்கு அடுத்த நாள் ஏற்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். விசாரணை அறையில் தலைமை ஆய்வாளர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஆய்வாளர், பதினான்காம் அறைக்காரர், குறிப்பெடுக்கும் எழுத்தர் எல்லோருமாகப் பதினோரு பேர். அக்கா தன் வில்லை வைத்த பெட்டியை மேசை மேல் வைத்துச் சுவர்ப் பிளக்கில் மாட்டி, அதில் ஒரு விளக்கை எரிய விட்டாள். மின்சாரத்தை எகிற வைப்பதற்காகக் கொண்டுவந்திருந்த கருவியை வெளியே எடுத்தபோது எழுத்தர் ஒரு சுற்றறிக்கையை நீட்டினார். அலுவலக வளாகத்துக்குள் அளவுக்கு மீறிய மின்சாரத்துக்கு அனுமதி இல்லை.

மின்சாரம் எகிறாமல் எப்படிக் காட்டுவது என்று கேட்டாள்.

“எகிறின மாதிரி நினைச்சுக்கிட்டுக் காட்டுங்க” என்றார் தலைமை ஆய்வாளர்.

“நான் நினைச்சா ஈயம் இளகாது சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இந்த விண்ணப்பத்தில் அவருக்கு வேறொரு வருத்தம் இருந்தது.

“முடியலைன்னா தானாவே விலகிக்கும்னு எழுதியிருக்கீங்க. யாரோட உத்தரவுல விலகும்? நான் இங்க முப்பத்தொரு வருஷமா இருக்கேன். எவ்வளவு சூடு வந்தாலும் எடத்தை விட்டு அசையாம உக்காந்திருக்கறதுதாம்மா பாதுகாப்பு. எங்க வேலையே கண்டுபிடிப்புகளைப் பாதுகாக்கறது. வெளிய விட்டா ஆளாளுக்கு எடுத்து உபயோகப்படுத்திடுவாங்க. போன வருஷம் ஒண்ணுகூட இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகல. அவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்.”

எழுத்தர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போதே குழல் விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி வெளுத்தன. மின்விசிறி பேய் பிடித்ததுபோல் சுற்றியது. கீழே தெருவில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தவர்கள் எதையோ எதனோடோ சேர்த்துவிட்டிருந்தார்கள். அக்காவின் பெட்டியில் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. சிவப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது.

மற்ற பெட்டிகள் அவ்வளவு அடக்கமாக நடந்துகொள்ளவில்லை. மேசைகளுக்கு அடியில் படபடவென்று வெடித்தன. பக்கத்து அறையில் ஆய்வாளரின் உப்பிய பெட்டி பற்றி, திரைச்சீலையில் ஏறியது. தீயணைப்பு உருளையை யாரோ தேடினார்கள். அது ஆய்வுக்குப் போயிருந்தது. மெயின் சுவிட்ச் அலமாரி பூட்டியிருந்தது, சாவி பராமரிப்புப் பிரிவில் இருந்தது. அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீலுக்குள் விட்டு நெம்பி, கதவைப் பெயர்த்து, சுவிட்சைக் கீழே இழுத்தாள். தரை துடைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரோடு ஓடியவர் பதினான்காம் அறைக்காரர்தான். திரைச்சீலையும் ஒரு மேசையும் போயின. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புகை அடங்கியதும் அவர் ஈரச் சட்டையோடு விசாரணை அறைக்குத் திரும்பி வந்தார். கருகிய பெட்டி ஒன்றையும் அக்காவின் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறக்கச் சொன்னார். கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். கருகியதும் கால் பிரியும் பழைய வகைதான்; அதில் கால் பிரிந்த இடத்தில் பொறி தாவிய கறுப்புத் தடம் இருந்தது. அக்காவுடையதில் அதே இடத்தில் வெள்ளையாகத் தகடு நின்றிருந்தது.

“ஓ, இதுதான் தாண்டறதா” என்றார் மெதுவாக. “தகடு இல்லைன்னா இந்த வழியா வந்திருக்கும். அம்மா, எனக்குப் புரிஞ்சுது.”

அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. அக்காவும் அந்தக் கட்டடத்துக்குள் முதல் தடவையாகச் சிரித்தாள். எழுத்தர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்: பதினொன்று நாற்பது.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அந்த அலுவலகத்தின் வரலாற்றிலேயே அவ்வளவு சீக்கிரம் எதுவும் வந்ததில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணம் ஒன்று: திருத்தம் ஏற்கப்படும் தேதிக்கு முந்தைய நாளே, பதினோரு பேர் முன்னிலையில் இந்த உறுப்பு வெளிப்படையாக வேலை செய்துவிட்டதால் அது புதியது அல்ல. காரணம் இரண்டு: சராசரி ஆளுக்குப் புரிந்துவிட்டதால் அதில் நுட்பம் எதுவும் இல்லை. காரணம் மூன்று: மாதிரிப் பொருள் தற்போது செயல்படவில்லை.

அதே உறையில் இன்னொரு காகிதமும் இருந்தது. அண்மையில் நடந்த தீ விபத்தை முன்னிட்டு, விசாரணை அறையில் எரியாமல் இருந்த அதே வகை உறுப்பைக் கட்டடம் முழுவதும் பொருத்த அலுவலகம் விரும்புகிறது. காப்புரிமை பெற்றவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

அக்கா அழவில்லை. கையிலிருந்த, ஈயம் ஒட்டும் சால்டரிங் அயனைத் தாங்கியில் வைப்பதற்குப் பதிலாக மேசை மேலேயே வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கணவர் வந்து கையைப் பிடித்து எடுக்கும்போது மரம் கருகிக் குழி விழுந்திருந்தது.

அடுத்த வாரம் பதினான்காம் அறைக்காரர் கடையைத் தேடி வந்தார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மெமோவை எடுத்து நீட்டினார். விண்ணப்பதாரர் அரை மணி நேரம் விளக்கியும் புரியாத ஒன்றை, தாமாகவே ஒரு முறை பார்த்து உடனே புரிந்துகொண்டதன் மூலம், பதவிக்குரிய சராசரித் தன்மையை மீறிய குற்றத்துக்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். அவர் சராசரிக்கு மேலானவர் என்று அலுவலகமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அப்படியானால் அவருக்குப் புரிந்ததை வைத்துத் தன் விண்ணப்பத்தைத் தள்ளியது செல்லாது. ஆனால் அவருக்கு வேலை திரும்ப வேண்டுமென்றால், தான் சராசரிதான் என்று அவர் எழுதிக் கொடுத்தாக வேண்டும். எழுதிக் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது?

அவர் டீயைக் குடித்து முடித்தார். பையிலிருந்து மடித்த இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

“நான் சராசரிதான், என்னவோ தெரியாம புரிஞ்சிடுச்சு, மன்னிச்சுக்குங்கன்னு எழுதி வச்சிருக்கேன். நேத்து பூரா கையில வச்சிருந்தேன். குடுக்க மனசு வரலக்கா. இருபத்திரண்டு வருஷத்துல எனக்குன்னு புரிஞ்சது இது ஒண்ணுதான். அதைப் போய் புரியலைன்னு எப்படி எழுதிக் குடுக்கறது?”

அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்து டீ கிளாசுக்கு அடியில் வைத்தார். மெமோவுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் பக்கத்தில் எங்கே கடை இருக்கிறது என்று விசாரித்தார்.

மெமோவின் ஜெராக்ஸை இணைத்து அக்கா மேல்முறையீடு செய்தாள். அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, காப்புரிமை வந்தாலும் வராவிட்டாலும் கடைக்கு வருகிற ஒவ்வொரு பெட்டியிலும் தன் வில்லையைப் போட்டுத்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தாள். எவனாவது திருடிக்கொண்டு போனால் போகட்டும், நாலு வீடு எரியாமல் இருக்கும் என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருந்தன்மை எதுவும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. பதினான்காம் அறைக்காரர் தினமும் வந்து ஈயம் ஒட்டக் கற்றுக்கொண்டார். தங்கை இடது கையாலேயே தகடுகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்தாள். நாலு மாதத்தில் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் சிவப்புப் புள்ளி வில்லைதான்.

அப்போதுதான் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள். அவள் வாதம் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது. நிராகரிப்பு ரத்து. விண்ணப்பம் முதலிலிருந்து புதிதாக ஆய்வு செய்யப்படும். ஆனால் சராசரி ஆள் பணியிடம் தற்போது காலியாக இருப்பதால், தகுதியுள்ள ஒருவர் தேர்வு செய்யப்படும் வரை காத்திருக்கவும்.

“அதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?” என்று தங்கை கேட்டாள்.

பதினான்காம் அறைக்காரர் கையிலிருந்த வில்லையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஆள் கெடைக்க மாட்டாங்கம்மா” என்றார். “பரீட்சைல நூத்துக்குச் சரியா அம்பது எடுக்கணும். ஒண்ணு கூடினாலும் போச்சு, கொறைஞ்சாலும் போச்சு. அதுக்கு நான் மூணு வருஷம் விழுந்து விழுந்து படிச்சேன்.”

அக்கா அடுத்த பெட்டியை முன்னால் இழுத்து மூடியைக் கழற்றினாள். யார் வீட்டுப் பெட்டியோ, உள்ளே நீல வில்லை கறுத்து வெடித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் பற்றியிருக்கும்.